பெரியம்மா, கொஞ்சம் படுத்து எழும்புங்கள்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். போன வாரம் போனில் நீங்கள் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "முழங்கால் போட்டா தூக்கந்தான் வருது. பைபிளைத் திறந்தா எழுத்துதான் தெரியுது, ஒண்ணும் உள்ளே இறங்க மாட்டேங்கு. ஆண்டவரை விட்டுப் பின்வாங்கிட்டேனோ என்னமோ" என்றீர்கள். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடாமல் நாலு பேர் வாசிக்கிற மாதிரியே எழுதுகிறேன். நம் திருமண்டலத்தில் எந்தச் சேகரத்தை, எந்தச் சபை வட்டாரத்தை எடுத்தாலும் உங்களைப் போல ஒருத்தி இருப்பாள். அவளுக்கும் ஆகட்டும்.

நீங்கள் பின்வாங்கவில்லை, பெரியம்மா. களைத்துப் போயிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. களைப்பு வந்தவுடனே அதற்குப் பாவம் என்று பேர் வைத்துவிடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. நீங்களும் அதைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஆச்சி படுக்கையில் விழுந்த நாளிலிருந்து நீங்கள் முழுத் தூக்கம் தூங்கியதை நான் பார்த்ததில்லை. பெரியப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து ஆச்சியின் இடுப்புக்குக் கீழே போட்டு, அதன் ஓரத்தைப் பிடித்து, முதுகுத் தோல் உரசாமல் அவர்களை ஒருச்சாய்த்துத் திருப்புவீர்களே, அது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. திருப்பியதும் முதுகைத் துடைத்து, ஈரம் போக விசிறி, பவுடர் போட்டு, எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பீர்கள். இரவிலும் இதே வேலைதான். இத்தனை காலம் படுத்துக் கிடந்த ஆச்சிக்குப் படுக்கைப் புண் வரவில்லை என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டபோது, "கர்த்தர் கிருபை" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். கிருபைதான். அந்தக் கிருபைக்கு உங்கள் இரண்டு கைதான் கிடைத்தது.

அதே நாட்களில்தான் சனிக்கிழமை தோறும் சபைக்காகப் பிடி அரிசி வாங்க வீடு வீடாகப் போனீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கு நோட்டும் உங்களிடம்தான் இருந்தது. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பு வேறு. சபை விருந்தான அசனத்துக்கு முந்தின ராத்திரி, மூடை மூடையாக உள்ளி உரிக்கிற இடத்தில் முதலில் உட்கார்ந்து கடைசியில் எழும்புகிற ஆளும் நீங்கள்தான். ஆனால் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மலர் போட்டார்களே, அதில் கமிட்டி ஆண்கள் எல்லாருக்கும் படமும் பெயரும் இருந்தது. பெண்களுக்கு ஒரு வரி: "உணவு ஏற்பாட்டில் ஒத்துழைத்த சகோதரிகளுக்கும் நன்றி." நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, இன்னும் ஆறவில்லை.

ஆச்சியை அடக்கம் பண்ணி மாதங்கள் ஆகிவிட்டன. "இப்பதான் வேலையே இல்லையே, இப்ப எதுக்குக் களைப்பு?" என்று உங்களையே கேட்டுக்கொள்கிறீர்கள். சுமை தலையில் இருக்கிறவரைக்கும் கழுத்து வலி தெரியாது பெரியம்மா, இறக்கி வைத்த பிறகுதான் தெரியும்.

பைபிளில் எலியா தீர்க்கதரிசிக்கும் அப்படித்தான் நடந்தது. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம், வானத்திலிருந்து அக்கினி, அதன் பிறகு மழை. அடுத்த அதிகாரத்தைத் திறந்தால், அதே மனுஷன் பெயெர்செபாவைத் தாண்டி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தோற்றுப்போய் அல்ல, ஜெயித்த பிறகு சொல்கிறான். நம் உபவாசக் கூட்டத்தில் யாராவது எழும்பி இப்படி ஜெபித்தால் என்ன நடக்கும்? உடனே நாலு பேர் சுற்றி நின்று தலையில் கை வைத்து அவிசுவாசத்தின் ஆவியைக் கடிந்துகொள்வார்கள்.

கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சொன்ன முதல் வார்த்தை "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டான், குடித்தான், அதன் பிறகு என்ன செய்தான் தெரியுமா? திரும்பப் படுத்துக்கொண்டான்! அதற்கும் ஒரு கண்டனமும் இல்லை. தூதன் இரண்டாம் தரம் வந்து திரும்பவும் சாப்பிடச் சொல்கிறான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். இத்தனை காலம் எல்லாருடைய தலைமாட்டிலும் நீங்கள் கஞ்சியும் வெந்நீரும் கொண்டு வைத்தீர்கள். உங்கள் தலைமாட்டில் யாராவது ஒரு டம்ளர் காப்பி கொண்டு வந்து வைத்தால், "ஐயோ, நீ ஏன் செய்தே, நானே போட்டுக்கிட மாட்டேனா" என்று துள்ளி எழும்புகிறீர்கள். எலியா அப்படித் துள்ளவில்லை. தீர்க்கதரிசிதான், ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டான்.

அந்த அதிகாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஓரேப் மலை. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கர்த்தர் கேட்கிறார். எலியா தன் மனக்குறையைக் கொட்டுகிறான். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் வந்து போகிறது. மறுபடியும் அதே கேள்வி. எலியா அட்சரம் மாறாமல் அதே புலம்பலைத் திரும்பச் சொல்கிறான். "இதைத்தான் முன்னமே சொன்னாயே" என்று கர்த்தர் வாயை அடைக்கவில்லை, இரண்டு தரமும் கேட்டார். அதன் பிறகு கொடுத்த கட்டளைகளில் ஒன்று, எலிசாவை உன் ஸ்தானத்தில் தீர்க்கதரிசியாக அபிஷேகம்பண்ணு என்பது. வேலையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள். களைத்தவனுக்குப் பரலோகம் கொடுத்த மருந்து இவ்வளவுதான்: தூக்கம், சாப்பாடு, காது கொடுத்துக் கேட்கிற ஒருவர், கூடச் சுமக்க ஒருவர்.

இங்கே, ஆண்டவர் வீட்டுக்கு வந்தபோது தங்கை மரியாள் அவர் பாதத்தில் அமர்ந்திருக்க, பணிவிடையில் மும்முரமாக இருந்த மார்த்தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் கூட்டம் என்றாலே மார்த்தாளை நிறுத்தி வைத்து அடிக்காத பிரசங்கியார் உண்டா? "மார்த்தாளைப் போல அடுப்பங்கரையில் கிடக்காதீர்கள், மரியாளைப் போல பாதத்தில் அமருங்கள்" என்று முழங்கிவிட்டு, நேராக மார்த்தாள்கள் வைத்த ஆட்டுக்கறிக் குழம்புக்குத்தான் போவார்கள். ஆண்டவர் "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றார். அந்தக் கலக்கத்திலிருந்து அவளை விடுவிக்கத்தான் சொன்னார். சமையலைக் குறை சொல்லவில்லை. யோவான் சுவிசேஷத்தில் தம்பி லாசரு இறந்த துக்கத்தில், "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கை செய்தவள் இதே மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் இராவிருந்து நடக்கிறது. மார்த்தாள் பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள், ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. உங்கள் அடுப்பங்கரையை ஆண்டவர் இழிவாக நினைக்கவில்லை பெரியம்மா.

நம் பக்கத்துக் கதை ஒன்றையும் நினைத்துப் பாருங்கள். தோனாவூருக்கு நீங்கள் எங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அங்கே குழந்தைகள் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அயர்லாந்துக்காரர், 1895-இல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர், திரும்பப் போகவே இல்லை. கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விட இருந்த பெண் குழந்தைகளுக்கு 1901-இலிருந்து தாயானார். ஓடி ஓடி உழைத்த அந்த அம்மா 1931-இல் களக்காட்டில் ஒரு குழிக்குள் தவறி விழுந்து கால் ஒடிந்தார். அதன் பிறகு 1951 ஜனவரியில் கண் மூடுகிறவரைக்கும், ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலும்தான். அந்த 20 வருஷமும் அவருக்குப் பணிவிடை செய்தது அவர் வளர்த்த பிள்ளைகளும் கூட இருந்தவர்களும். அவரும் வாங்கிக்கொண்டார். படுத்தபடியே பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதினார், புத்தகங்கள் எழுதினார். கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று கேட்டிருந்தார். அதனால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் பட்டமோ பதவியோ இல்லை, தாய் என்ற பொருளில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட சொல் மட்டும்தான். படுக்கையில் கிடந்த 20 வருஷத்தைப் பிள்ளைகள் அந்தச் சொல்லிலிருந்து கழிக்கவில்லை.

நோயாளிகளுக்காக அவர் எழுதிய ஒரு புத்தகம் 1933-இல் வந்தது. சுகமாக இருக்கிறவர்கள் நோயாளிகளுக்கு எழுதி அனுப்பும் ஆறுதல் தாள்கள் தனக்கு உதவவில்லை என்று கண்டுதான் அதை எழுதினார். இது தெரிந்தபிறகு உங்களுக்கு ஆறுதல் எழுத எனக்கே கொஞ்சம் தயக்கம்தான். எட்டு மணி நேரம் தூங்கி எழும்புகிறவள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோனாவூர் என்றால் ஏமி அம்மையாரைத்தான் எல்லாரும் சொல்லுவார்கள். ஆனால் ராத்திரி முழுக்கக் கைக்குழந்தைகளுக்குப் பால் புகட்டியவர்கள் நம் ஊர்ப் பெண்கள். நெய்யூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நடந்த குழந்தைகள் இல்லத்தைத் தாங்கி நின்றவர் பொன்னம்மாள் என்ற விதவை. அவர் 1915-இலேயே புற்றுநோயால் இறந்துவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் வெறும் "அக்காள்"கள்தான். நம் சபை மலரில் வந்த அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிப் போனவர்கள். எபிரெயர் நிருபத்தில் உங்களுக்கு மனப்பாடமான வசனம் அவர்களுக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான்: நீங்கள் காண்பித்த "அன்புள்ள பிரயாசத்தையும் மறந்துவிடுகிறதற்கு தேவன் அநீதியுள்ளவரல்லவே." மலர் போடுகிற கமிட்டி மறந்துவிடும். மறப்பதே அநீதி என்று எண்ணுகிற ஒருவரிடம் கணக்கு இருக்கிறது.

"நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக" என்று கலாத்தியரில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டு மற்றவர்கள் மேற்கோள் காட்டுவதற்கான வசனம் அல்ல. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில்தான் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லியிருக்கிறது. அதை ஏன் ஒருவரும் கமிட்டியில் வாசிப்பதில்லை? யுத்தத்தின்போது ஜெபத்தில் உயர்த்திய மோசேயின் கை அசந்துபோனபோது ஆரோன், ஊர் என்ற பெயருடைய இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கினார்கள். அதற்கும் முன்னால் ஒரு கல்லைக் கொண்டு வந்து போட்டு உட்கார வைத்தார்கள். நின்றுகொண்டே சாட்சியாக இரு என்று சொல்லவில்லை.

ஜெபிக்க வரவில்லை என்றால் இப்போதைக்கு நீளமாக ஜெபிக்க வேண்டாம். ஏசாயாவில் "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்" என்று இருக்கிறதே, அந்த ஒரு வசனத்தை வாசித்துவிட்டுப் படுத்துவிடுங்கள். ஏந்துகிறதும் சுமக்கிறதும் அங்கே அவர் வேலையாகத்தான் எழுதியிருக்கிறது. முழங்கால் வலிக்கிறபோது நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிக்கலாம். அப்போது தூக்கம் வந்தால் தூங்குங்கள். உங்கள் மடியில் எத்தனை பிள்ளைகள் ஜெபத்துக்கு நடுவில் தூங்கியிருக்கும், ஒன்றையாவது தட்டி எழுப்பினீர்களா?

இனி காரியத்துக்கு வருகிறேன். களைப்பு ஆவியிலா என்று பார்ப்பதற்கு முன்னால் இரத்தத்தில் ஏதாவது குறைகிறதா என்று பார்த்துவிடுவோம். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றும் எடுக்கச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவன் வண்டி கொண்டு வருவான். "எனக்கு என்ன கேடு" என்று அவனைத் திருப்பி அனுப்பாதீர்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும், திரும்புகிற வழியில் இட்லி வாங்கித் தருவான்.

சங்கக் கணக்கு நோட்டை உபதேசியார் வீட்டு மருமகளிடம் கொடுத்துவிடுங்கள். அவள் பி.காம் படித்தவள், கேட்டால் சந்தோஷமாகச் செய்வாள். இதுவரை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் தப்புத் தப்பாக எழுதுவாள். எழுதட்டும், நீங்கள் ராத்திரியில் உட்கார்ந்து திருத்த வேண்டாம். பிடி அரிசிக்கு வாலிபப் பெண்கள் போகட்டும். போதகர் மனைவி ஐயரம்மாவிடம் நான் பேசிவிட்டேன், உங்களிடம் கேட்காமல் பேசியதற்குக் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தேதான் பேசினேன். அவர்களும் "நாங்களே சொல்லணும்னு இருந்தோம்" என்றார்கள். இருந்தார்களோ இல்லையோ, இப்போது சொல்லிவிட்டார்கள்.

இந்த வருஷ அசனத்துக்கு உள்ளி உரிக்கப் போகக் கூடாது. பந்தியில் உட்கார வேண்டும், அதுவும் முதல் பந்தியில். நான் லீவு போட்டு வருகிறேன், உங்கள் இலைக்குப் பரிமாறுவது நான்தான். பாதியில் எழும்பி "அங்கே ரசம் பத்தலை" என்று அடுப்புப் பக்கம் போனால் எல்லார் முன்னாலும் சத்தம் போடுவேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி மகள்