தீபாவோடு நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகரின் பயிற்சியாளர்களான பிஸ்வேஸ்வர் நந்தி ஐயாவுக்கும் சோமா நந்தி அம்மாவுக்கும், தீபாவின் பெற்றோருக்கும், அவரோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

2016 ஆகஸ்ட் 14. ரியோ ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் வால்ட் என்னும் தாவல் பிரிவின் இறுதிப் போட்டி. இங்கே இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். தீபா ஓடி வந்தார், மேசையில் கை ஊன்றி எழும்பினார், அந்தரத்தில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். அந்தத் தாவலுக்குப் பேர் ப்ரொடுநோவா. கரணம் முடியும்போது தரை கண்ணுக்குத் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் காலை ஊன்ற வேண்டும். கொஞ்சம் பிசகினால் கழுத்துக்கே ஆபத்து. தீபா காலை ஊன்றினார். இடுப்பு மெத்தையில் பட்டுவிடும் என்கிற அளவுக்குத் தாழ்ந்தது. எழுந்து நின்றுவிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சராசரி 15.066. நான்காம் இடம். வெண்கலம் 0.15 புள்ளியில் போயிற்று. அதன் பிறகு தீபா நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதை நினைத்தால் இன்றும் மனசு பொறுக்கவில்லை. 52 ஆண்டுகளாக ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கமே எட்டிப் பார்க்காத நாட்டிலிருந்து போன முதல் பெண் அவர். மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். இத்தனை வருஷம் கழித்தாவது சொல்லிவிடுகிறேன்.

ஐயா, முதலில் அந்தப் பாதங்களுக்காக. தீபாவுக்குப் பிறவியிலேயே தட்டைப் பாதம். உள்வளைவு இல்லாத காலுக்கு எம்பும்போது உந்துதல் குறைவு, இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் சக்தியும் குறைவு. 'இந்தக் காலை வைத்துக்கொண்டு ஜிம்னாஸ்டிக்ஸா' என்று திருப்பி அனுப்பியிருந்தால் உங்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் அனுப்பவில்லை. அந்தப் பாதத்துக்கென்றே பயிற்சி கொடுத்து, வருஷக்கணக்கில் அதை வளைய வைத்தீர்கள். நல்ல கருவிகள் இல்லாத திரிபுராவின் அகர்தலாவில், பழைய ஸ்கூட்டரின் பாகங்களை வைத்து வால்ட் பயிற்சிக்கு வழி செய்தீர்கள் என்று படித்தபோது, அந்தச் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தீபாவின் அப்பாவுக்கு: நீங்களே பளு தூக்குதல் பயிற்சியாளர். உடம்பை வருத்துவது என்றால் என்னவென்று தெரிந்துதான் ஆறு வயதுப் பிள்ளையை இதற்கு அனுப்பினீர்கள். ரியோவில் வெளியார் யாரும் மகளை நெருங்காதபடி பயிற்சியாளர் பார்த்துக்கொண்டபோது, போனில் பேசும் அனுமதி பெற்றோரான உங்கள் இருவருக்கு மட்டும் இருந்ததாம். அந்தச் சில நிமிஷங்களில் அவருக்குத் தெம்பு கொடுத்ததற்கு நன்றி.

இறுதிச் சுற்றுக்கு அவர் தகுதி பெற்ற பிறகு ரியோவுக்கு விமானம் ஏறிய பிசியோதெரபிஸ்டுக்கும், 2017இல் முழங்கால் தசைநாரைச் சரிசெய்த மருத்துவர்களுக்கும் என் கும்பிடு. அந்தக் காலோடுதான் 2018இல் துருக்கியின் மெர்சினில் உலகச் சேலஞ்ச் கோப்பைத் தங்கம் வந்தது.

பிறகு வந்த 21 மாத ஊக்கமருந்துத் தடைக்காலத்தில் கைவிடாமல் கூட இருந்தவர்களை நான் தனியாக நினைத்துக்கொள்கிறேன். பேர் சொல்லி வாழ்த்தியவர்கள் பலர் அப்போது பேச்சையே நிறுத்திவிட்டார்கள். 2024 மே மாதம் தாஷ்கண்டில், முப்பது வயதில், ஆசிய சாம்பியன்ஷிப் தங்கத்தை வாங்கிக்கொண்டு தீபா நின்றார். இந்திய ஜிம்னாஸ்டிக்ஸில் அதுவரை யாருக்கும் கிடைக்காத தங்கம். அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

சோமா அம்மா, கடைசியாக உங்களுக்கு. 2016இல் தீபாவுக்குக் கேல் ரத்னா, ஐயாவுக்குத் துரோணாச்சாரியார் விருது. இரண்டும் தகும். ஆனால் அந்தச் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து முதல் கரணம் போடச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். உங்களைப் பற்றி நாங்கள் எழுதியது மிகவும் குறைவு. அதற்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அம்மா.

நன்றியுடன்,
அன்றிரவு தூங்காத ஒரு ரசிகை