அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நகரமைப்புக் கட்டுரையில், 'முதலில் நடக்க வசதி செய்வோம். அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி. எழுதியவர் படித்தவர். நான் வேலூர்த் தெருக்களில் 31 ஆண்டுகள் தபால் பை சுமந்தவன். அந்தத் தகுதியில் சில வார்த்தைகள்.

அன்று கொசப்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் வரிசையாகத் திண்ணை வீடுகள். தாழ்வாரத்து நிழல் தெருவில் விழும். மரத்தூண்களில் பூவேலை இருக்கும். எங்கள் ஊர் வெயிலைத் தாங்கள் அறிவீர்கள். சித்திரையில் மதியம் மணியார்டர் கொடுக்கப் போனால், திண்ணைக்குத் திண்ணை ஒதுங்கித்தான் தெருவைக் கடப்பேன். அந்தத் தூண் அழகா, வசதியா? செய்த தச்சருக்கு அப்படிப் பிரிக்கத் தெரியாது. பாவம், அவர் கட்டுரையாளர் இல்லை.

இப்போது திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவு. கார் ஏறுவதற்கான சாய்தளம் பாதித் தெருவரை நீள்கிறது. பெரிய சாலையில் நடைபாதை உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி அல்ல, சாலை நெறிமுறைகள் வகுக்கும் அமைப்பு) நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. மனைவியின் தையல் நாடாவால் அளந்தேன்: உயரம் 38. சிரமப்பட்டு ஏறினால் எதிரே டிரான்ஸ்பார்மர். சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களுக்கு ஈடாகத் தொட்டியில் குரோட்டன்ஸ். இதற்குப் பெயர் அழகுபடுத்துதலாம்! இதைத்தான் கட்டுரையாளர் பிறகு பார்க்கலாம் என்கிறார் என்றால் எனக்கும் சம்மதமே.

கோட்டைக்குள் காலை நடைக்கு வருகிறவர்களைப் பாருங்கள். பாதிப் பேர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி நடக்கிறார்கள். நடப்பதற்குப் பெட்ரோல் செலவு! அகழித் தண்ணீரும் கருங்கல் மதிலும் மரநிழலும் இழுக்கின்றன. அதே கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் லிங்கம் திரும்பி வருவதற்கு முன்பே, சிறுவனாக அங்கே போயிருக்கிறேன். கும்பிடச் சாமி இல்லை. கல்யாண மண்டபத்து யாளித் தூண்களைப் பார்க்கவே வீட்டிலிருந்து நடந்து போனோம். அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் அன்று சொல்லவில்லை.

2016-இல் எங்கள் ஊர் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் வந்தபோது தெருவுக்கே இனிப்பு கொடுத்தவன் நான். அதை விடுங்கள்.

எங்கள் தெருமுனையில், ரேஷன் கடைக்கு எதிரே, கால்வாய் மூடி ஒன்று ஆறு மாதமாக இல்லை. சென்ற மாதம் என் மனைவி அதில் கால் வைத்துக் கணுக்கால் பிசகிக் கிடந்தார். மனு கொடுத்தேன், ரசீது தந்தார்கள், மூடி தரவில்லை. தாங்கள் இதை வெளியிட்டால் வரக்கூடும். மூன்றடிக்கு இரண்டடி. அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
சைதாப்பேட்டை, வேலூர்.