சார்ஜர் வைத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மின்வாகனங்களை ஊக்குவிக்கும் மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 72,300 சார்ஜர்களை இலக்காக வைத்திருப்பது நல்ல செய்தி. ஆனால் நெடுஞ்சாலையில் சார்ஜர் முடங்கச் சின்னக் காரணமே போதும்: தூசி அடைத்த ஃபில்டர், காரில் செருகும் தேய்ந்த முனை (கன்), சார்ஜரை இணையத்தோடு இணைக்கும் சிம்முக்குச் சிக்னல் இல்லாமை. சிம் வேலை செய்யாவிட்டால் செயலியில் பணம் கட்ட முடியாது. மின்சாரம் இருந்தும் சார்ஜ் ஏறாது. 60 கிலோவாட் என்று பலகை சொல்லும். இரண்டு கார்கள் சேர்ந்து நின்றால் பல இயந்திரங்களில் ஆளுக்கு 30தான்.

மானியத்தின் கடைசித் தவணையை ஓராண்டு இயக்கப் பதிவைச் சரிபார்த்த பிறகே விடுவிக்க வேண்டும். போக்குவரத்து குறைந்த சாலைகளில் மின் இணைப்புக்கான நிலைக் கட்டணத்தை முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது தள்ளுபடி செய்யுங்கள். ஒரு கார்கூட வராத மாதமும் அதைக் கட்ட வேண்டியிருந்தால், அங்கே யார் முதலீடு செய்வார்கள்?