வீட்டில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

மக்களைத் தேடி மருத்துவத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சை (தீராத நோயில் கிடப்பவரின் வலியையும் தொல்லையையும் குறைக்கும் சிகிச்சை) நர்ஸாகச் சேர்ந்துவிட்டாய். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் தமிழக அரசுத் திட்டம் இது. வார்டில் கட்டில் இடுப்பு உயரத்தில் இருக்கும், கை நீட்டினால் டிராலி. வீட்டில் பாயும் நாற்பது வாட் பல்பும்தான். அதனால் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்கிக்கொள். பையைத் தரையில் வைக்காதே, நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேல் வை. முதலில் கை கழுவு, அப்புறம்தான் பையைத் திறக்க வேண்டும்.

உனக்கு அதிகம் தொல்லை கொடுக்கப்போவது யூரின் டியூப்தான். ஆண்களுக்குப் போடும்போது சிறுநீர் வந்ததும், டியூப் நழுவாமல் பிடித்துக்கொள்ள அதன் நுனியில் இருக்கும் பலூனைத் தண்ணீர் ஏற்றி ஊதிவிடாதே. டியூப் இரண்டாகப் பிரியும் இடம்வரை உள்ளே தள்ளிவிட்டு, அதன்பிறகு ஊது. பாதியில் ஊதினால் பலூன் சிறுநீர்த் தாரையிலேயே விரிந்து கிழித்துவிடும். வீட்டில் ரத்தம் நிற்காமல் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஊதும்போது வலிக்கிறது என்றால் உடனே நிறுத்து. பலூனுக்கு ஸ்டெரைல் வாட்டர் மட்டும், டியூபில் அச்சடித்திருக்கும் அளவுக்கு. சலைன் வேண்டாம், உப்பு படிந்து பிறகு பலூன் சுருங்காமல் போகலாம்.

நீ கிளம்பிய பிறகுதான் தப்பு நடக்கும். யூரின் பேக்கை ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுவார்கள். சிறுநீர் திரும்பி உள்ளே போகும், காய்ச்சல் வரும். தரையில் பாயில் கிடப்பவருக்கு பேக்கைக் கீழே இறக்கவே இடமில்லை. கயிற்றுக் கட்டிலோ, இரண்டு மெத்தையோ ஏற்பாடு செய்யச் சொல். டியூபைச் சுற்றிக் கசிந்தால் "பெருசா ஒண்ணு போடுங்க சிஸ்டர்" என்பார்கள். பெரிது போடாதே. டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, வயிறு கட்டியிருக்கிறதா என்று பார். மலச்சிக்கல் தீர்ந்தாலே பல பேருக்குக் கசிவு நின்றுவிடும்.

படுக்கைப் புண்ணுக்கு இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராதே. பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் மருமகள் ஒருத்திதான், ஆளை அவளால் தனியாகத் தூக்க முடியாது. அடியில் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டு, அதைப் பிடித்து இழுத்துப் புரட்டுவதை அவள் கையாலேயே செய்ய வை. புண் கழுவ, அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்தால் போதும். அன்றன்றைக்குப் புதிதாக வைக்கட்டும். அவள் முதுகுவலியையும் ஒரு வார்த்தை கேள். அவள் படுத்துவிட்டால் நோயாளியைக் கவனிக்க யாருமில்லை.

ஊசியை மூடி போட்டு மூடாதே, நேராக, ஊசி துளைக்காத டப்பாவில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வந்துவிடு. குடித்துவிட்டு ஆள் தகராறு செய்யும் வீட்டுக்குத் தனியாகப் போகாதே, தன்னார்வலரைக் கூட அழைத்துப் போ, கதவுப்பக்கமாக உட்கார்.

கையுறை உனக்கு ஆறரை சைஸ்தானே? ஏழரையைக் கொடுத்தால் வாங்காதே, டியூப் போடும்போது விரல் நுனி மடியும்.

அம்மா