மரத்தை வெட்டலாமா என்று கேட்டாயே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஏரிக்கரை ஆலமரத்தில் வௌவால்கள் தொங்குகின்றன, அவற்றிடமிருந்து பரவும் நிபா வைரஸுக்குப் பயந்து பஞ்சாயத்தில் மரத்தை வெட்டச் சொல்கிறார்கள், வெட்டலாமா என்று கேட்டிருந்தாய். பதில் எழுதக் கை வரவில்லை, நிஜமாகவே. வலது ஆள்காட்டி விரலில் வௌவால் கடித்துவிட்டது.

வௌவால் ஆய்வுக்காக ஒரு பாழ் மண்டபத்தில் வலை கட்டியிருந்தோம். பொழுது சாய்ந்த அரை மணியில் பழந்தின்னி வௌவால் ஒன்று சிக்கியது. பெண், 78 கிராம். 1820-இல் புதுச்சேரியில் கிடைத்ததை வைத்துப் பெயரிட்டார்களே, அந்த இனம். கழுத்து மயிருக்குள் ஏதோ குடுகுடுவென ஓடியது. பார்த்தால் சிலந்தி, ஆனால் ஈ. சிறகு கிடையாது, தலையை முதுகுப் பக்கம் மடித்து வைத்திருக்கும். கையுறையோடு இடுக்கி பிடிக்க வரவில்லை என்று கழற்றினேன். ஈ தப்பியது, நான் மாட்டினேன்.

மாணவர்களிடம் தினமும் “கழற்றாதே” என்று கத்துகிறவன் நான்தான்! சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். வெறிநோய்த் தடுப்பூசி முன்பே போட்டிருந்ததால் இரண்டு ஊசியோடு விட்டார்கள். நர்ஸம்மா பதிவேட்டில் “நாய்” என்றே எழுதிக்கொண்டார்.

அந்த ஈ முட்டையிடாது தெரியுமா? ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள்ளேயே பாலூட்டி வளர்த்து, முற்றியதும் வௌவாலை விட்டு இறங்கி, கூரையில் ஒட்டிவிட்டு மறுபடி வந்து ஏறிக்கொள்ளும். டார்ச் அடித்தால் கல்லில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள்.

சரி, உங்கள் ஏரிக்கரை ஆலமரம். 2018-இல் கேரளத்துப் பேராம்பிராவில் நிபா வந்தபோது முதலில் சந்தேகப்பட்டது கிணற்று வௌவால்களை. அவை பூச்சி தின்பவை, அவற்றிடம் வைரஸ் இல்லை. பிறகுதான் பெரிய பழந்தின்னிகளிடம் கிடைத்தது. 1998-இல் மலேசியாவில் நிபா வெடித்தபோது, பன்றிக் கொட்டடியை ஒட்டியே மாமரம் வைத்திருந்தார்கள். வௌவால் கடித்த பழம் உள்ளே விழுந்தது, பன்றிக்கு வந்து ஆட்களுக்கும் தொற்றியது. மரம் செய்த குற்றமா அது? ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா வைரஸும் வௌவால்களுக்குத் தீனி அற்றுப்போன பஞ்சத்துக்குப் பிறகுதான் குதிரைகளிடம் அதிகம் தாவியது. விரட்டினால் ஊருக்குள்தான் வரும்.

கொறித்த பழத்தைத் தின்னாதீர்கள், பதநீர்க் கலயத்தை மூடிக் கட்டுங்கள், விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் தொட வேண்டாம். அவ்வளவுதான். 2022 திருத்தம் வரைக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு தொல்லை விலங்குப் பட்டியலில் வைத்திருந்தது. உங்கள் பஞ்சாயத்தை மட்டும் சொல்லி என்ன!

தையில் வருகிறேன். கடி விஷயத்தை அக்காவிடம் சொல்லிவிடாதே, ஊர் முழுக்கப் போய்விடும்.

உன்,
ரவி