டிப்ளமோ படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை வெளியிட்ட உயர்கல்வி இணைப்பைப் படித்தேன். பொறியியல், நர்சிங், வேளாண்மை, சட்டம் என்று எல்லாம் விரிவாக இருந்தன. சினிமா படிப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. தனியார் சினிமாப் பள்ளிகளின் விளம்பரங்கள் மட்டும் மூன்று இருந்தன. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் 1990-ல் லைட்மேனாக ஒரு யூனிட்டில் சேர்ந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் லைட் தூக்கியாயிற்று. முழங்கால் வலியால் இப்போது வீட்டில் இருக்கிறேன். உசிலம்பட்டியில் இருக்கும் என் அக்கா மகன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். "மாமா, சினிமாதான் படிக்கணும், எங்க சேரட்டும்?" என்று கேட்டு வந்தான். கையில் ஒரு விளம்பரத் தாள். ஒரு வருடப் படிப்பு, நாலரை லட்சம் ரூபாய். மாட்டை விற்றால் எவ்வளவு வரும், காதுத் தோட்டை அடகு வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று அக்கா அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் ஒரு ஷூட்டிங் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு தனியார் சினிமாப் பள்ளியின் டிப்ளமோ படத்துக்கு, அதாவது படிப்பு முடியும்போது மாணவர்கள் எடுக்கிற படத்துக்கு, லைட் வேலைக்குப் போனேன். வளசரவாக்கத்தில் ஒரு வீடு, இரண்டு நாள் வேலை. கேமராமேன் சம்பளத்துக்கு வந்த வெளியாள். போகஸ் பார்த்தவரும் வெளியாள். எடிட்டிங்கையும் வெளியேதான் பேசியிருந்தார்கள். மாணவர்கள் பதினெட்டு பேரும் மானிட்டரைச் சுற்றி நின்றார்கள். மதியத்துக்கு மேல் ஒரு பையன் என்னிடம் வந்து, "அண்ணே, அந்தத் தெர்மாகோலை நான் கொஞ்ச நேரம் பிடிக்கட்டுமா?" என்றான். கொடுத்தேன். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தை அதில் வாங்கி, நடிக்கிற பெண்ணின் முகத்துக்குத் திருப்பச் சொன்னேன். கொஞ்சம் சாய்த்தால் கண்ணுக்குக் கீழே விழுகிற நிழல் போகும். இன்னும் சாய்த்தால் முகம் தட்டையாகிவிடும். நாலைந்து தடவையில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆகும்போது சொன்னான், சேர்ந்ததிலிருந்து தன் கையால் செய்த வேலை இது ஒன்றுதான் என்று. நிலத்தை அடமானம் வைத்து அவனை அனுப்பியிருந்தார் அவன் அப்பா.

அதனால் அக்கா மகனிடம் இப்படிச் சொன்னேன். எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி, பணம் கட்டுவதற்கு முன்னால் போன வருட மாணவர்கள் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டச் சொல். கடைசியில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் படி. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று வரும் இடத்தில் இருப்பது அங்கே படித்தவன் பெயர்தானா என்று பார். ஒரு பேட்சில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை கேமரா என்று கேள். சுவரில் யார் யார் படமெல்லாமோ மாட்டியிருப்பார்கள். அவர்கள் வாரத்துக்கு எத்தனை வகுப்பு எடுக்கிறார்கள் என்றும் கேள்.

தரமணியில் தமிழக அரசே நடத்தும் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. 1945-லிருந்து வருகிற பள்ளி அது. பி.சி. ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் அங்கே ஒளிப்பதிவு படித்தவர்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் சேரக்கூடிய நான்கு வருடப் பட்டப்படிப்பு அங்கே இருக்கிறது. கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. புனேயில் 1960-ல் தொடங்கியதும், கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் 1995-ல் தொடங்கியதும் மத்திய அரசின் பள்ளிகள். அங்கே இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். இது தெரிந்தால் ஒரு பையன் ஊர்க் கல்லூரியிலேயே ஏதாவது ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு, அந்த மூன்று வருடத்தில் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகலாம்.

அப்புறம், வருகிற பையன்கள் எல்லாரும் டைரக்ஷன் என்றுதான் சொல்கிறார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான் சொன்னான். ஆனால் அவன் லீவு நாளெல்லாம் மைக்செட் கடையில் வேலை பார்த்தவன். திருவிழா மேடையில் மைக் வீறிட்டால் எந்தக் குமிழைக் குறைக்க வேண்டும் என்று அவன் கை தானாகப் போகும். என் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே, "மாமா, உங்க பிரிட்ஜ் ரொம்ப சத்தம் போடுது" என்றான். ஷூட்டிங்கிலேயே ஒலியைப் பதிவு செய்கிற லைவ் சவுண்டில், டேக் போவதற்கு முன்னால் பிரிட்ஜை அணைக்கச் சொல்லும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காது எல்லாருக்கும் வாய்க்காது. புனேயில் ஒலி படித்த ரசூல் பூக்குட்டி 2009-ல் ஆஸ்கர் வாங்கினார் என்று சொன்னேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காலையில் தரமணியில் ஒலிப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது.

படிக்காமலும் வரலாம், மறுக்கவில்லை. பாலு மகேந்திரா புனேயில் படித்தவர். அவரிடம் உதவியாளராக இருந்தே தொழில் கற்றவர் வெற்றிமாறன். ஆனால் அப்படி ஒரு குரு கிடைக்கும்வரை சென்னையில் அறை வாடகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு மாடியிலேயே அப்படி இருந்த பிள்ளைகளுக்கு என் மனைவி எத்தனையோ நாள் சோறு போட்டிருக்கிறாள். சான்றிதழை நீட்டினால் சினிமாத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் கார்டு தானாக வந்துவிடாது என்பதும் பலருக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது.

உசிலம்பட்டியில் அக்கா வீட்டுக்கு உங்கள் நாளிதழ்தான் வருகிறது. தரமணி நிறுவனத்தின் சேர்க்கை அறிவிப்பு வரும்போது அதைக் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். என்னென்ன பிரிவு, என்ன தகுதி, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு லைட்மேன்,
சாலிகிராமம், சென்னை.