கூடுதல் அறையும் இருளும் நடு அறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வீட்டின் பின்புறம் புதிய அறை சேர்த்துக் கட்டுவோர் பலர் அதன் அழகையே கவனிக்கிறார்கள். அதனால் இருண்டுபோகும் பழைய நடு அறையை நினைப்பதில்லை என்பது வருத்தமளிக்கிறது. பழைய சுவரும் புதிய கூரையும் சேரும் இடத்தில், உச்சியை ஒட்டி நீளவாக்கில் ஒரு கண்ணாடிச் சாளரம் வைத்தால், உயரத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் இரு அறைகளின் உட்பகுதிக்கும் எட்டும்.

அறை கட்டப் பயன்படும் மரத்துக்கும் இதே அக்கறை தேவை. நன்கு உலராத மரம், பொருத்திய பிறகு அகலவாட்டில் சுருங்கி, கதவு நிலையின் மூலையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். மரத்தூணின் அடிமுனை, அதாவது இழைகள் வெட்டுண்ட முகம், ஈரத்தை வேகமாக உறிஞ்சுவதால், அதைத் தரையில் நேரடியாக ஊன்றாமல் உலோகப் பாதத்தின் மேல் சற்று உயர்த்தி நிறுத்த வேண்டும். இவற்றை வரைபட நிலையிலேயே பொறியாளரும் தச்சரும் சேர்ந்து பேசி முடிவுசெய்வது அவசியம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்